கடைசி இரண்டு நிமிடத்தில் ஏன் வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறார்கள்? அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வைப் பார்க்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

2025 மே 22, வியாழக்கிழமை காலை. நியூயார்க் நிக்ஸும் இண்டியானா பேசர்ஸும் மோதிய கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். மூன்று நிமிடம்கூடப் பாக்கியில்லை, நிக்ஸ் 14 புள்ளி முன்னிலை. கதை முடிந்தது என்று போனை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் நண்பனிடமிருந்து ஒரே செய்தி: “பார்த்தியாடா?” நான் குளித்து முடிப்பதற்குள் ஆட்டம் 125-125 என்று சமநிலைக்கு வந்து, கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. பேசர்ஸ் 138-135 என்று ஜெயித்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து மறுஒளிபரப்பைப் பார்த்தேன். அப்போதும் பாதி புரியவில்லை. பின்தங்கிய அணி எதற்காக எதிரிக்கு ஃப்ரீ த்ரோவை (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் வாய்ப்பை) தானமாகக் கொடுக்கிறது? முன்னிலையில் இருப்பவனும் ஏன் போய் எதிராளியின் கையைப் பிடிக்கிறான்? வர்ணனையாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல ஒற்றை வார்த்தையில் கடந்துபோனார்கள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு சீசன் முழுக்கக் கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் எழுதிவைத்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே இருக்கும் வரிசையில் பழகினால் நாலைந்து ஆட்டத்தில் பிடிபட்டுவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். பின்தங்கிய அணியிடம் இல்லாத சரக்கு நேரம். அதைக் கடையில் வாங்க முடியாது, எதிரணியிடம்தான் வாங்க வேண்டும். ஃபவுல் செய்தால், அதாவது எதிராளியை விதிமீறிப் பிடித்தாலோ தட்டினாலோ, கடிகாரம் நிற்கும். அதற்கு விலையாகப் புள்ளி கொடுக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் நடப்பதெல்லாம் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

1. நான்கு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள்

கடிகாரம் 2:00 காட்டும்போது திரையின் மூலையைப் பாருங்கள். புள்ளி வித்தியாசம், மீதி நேரம், இரு அணிகளின் ஃபவுல் எண்ணிக்கை, இரு அணிகளிடமும் உள்ள டைம்-அவுட் (அணி கேட்டு வாங்கும் இடைவேளை). இந்த நான்கும் தெரியாமல் எந்த முடிவும் புரியாது.

வித்தியாசம்தான் எல்லாருக்கும் தெரியுமே என்று நினைக்காதீர்கள். 2018 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் கிளீவ்லாண்ட் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, 4.7 வினாடி பாக்கியில் ஜார்ஜ் ஹில் இரண்டு ஃப்ரீ த்ரோ எறிந்தார். முதலாவது விழுந்தது, 107-107. இரண்டாவது தவறியது. பந்தைப் பிடித்த அதே அணியின் ஜே.ஆர். ஸ்மித், கூடைக்குக் கீழே நின்றவர், தன் அணி முன்னிலையில் இருப்பதாக நினைத்தவர்போல, எறியாமல் பந்தை வெளியே ஓட்டிக்கொண்டு போனார். நேரம் முடிந்தது. கூடுதல் நேரத்தில் கோல்டன் ஸ்டேட் 124-114 என்று ஜெயித்தது. மைதானத்தில் இருப்பவருக்கே அந்தப் பரபரப்பில் அப்படி ஆகும்போது, காலை ஆறு மணிக்குப் பாதித் தூக்கத்தில் பார்க்கும் நமக்குச் சீட்டு வேண்டாமா?

2. ஃபவுல் கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள்

நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என்.பி.ஏ.வில் ஒரு குவார்ட்டருக்கு (ஆட்டத்தின் நான்கில் ஒரு பகுதி) ஒரு அணிக்கு நான்கு ஃபவுல் வரை சலுகை. எறியும் செயலில் இல்லாத வீரரை ஃபவுல் செய்தால், அந்த நான்கு வரைக்கும் எதிரணிக்குப் பந்து மட்டும்தான் கிடைக்கும். ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. திரையில் ‘போனஸ்’ என்று விளக்கு எரிவது அதற்குத்தான்.

இதற்கு மேல் ஒரு கிளை விதி இருக்கிறது. முதல் 10 நிமிடத்தில் நான்கை முடிக்காத அணிக்கு, கடைசி 2 நிமிடத்தில் ஒரே ஒரு ஃபவுல்தான் இலவசம். கடிகாரம் 2:00 காட்டும்போது அந்த அணி ஒன்றே ஒன்று செய்திருந்தாலும் சரி, மூன்று செய்திருந்தாலும் சரி, அதன் கையிருப்பு ஒன்று. நான்கையும் முன்பே தீர்த்த அணிக்கு ஒன்றுமில்லை. இதுவரை ஒழுங்காக ஆடி மிச்சம் பிடித்ததற்கெல்லாம் வட்டி கிடையாது!

கூடுதல் நேரம் என்றால் ஐந்து நிமிடம். அங்கே சலுகை மூன்று, நான்காவதிலிருந்து ஃப்ரீ த்ரோ. கடைசி இரண்டு நிமிட விதி அங்கும் உண்டு.

தாக்கும் அணி செய்யும் ஃபவுல் இந்தக் கணக்கில் சேராது. அதையும் சேர்த்து எண்ணிவிட்டு, ‘ஐந்து ஆகிவிட்டதே, ஏன் ஃப்ரீ த்ரோ கொடுக்கவில்லை’ என்று நான் பல நாள் குழம்பியிருக்கிறேன்.

வர்ணனையில் ‘ஃபவுல் டு கிவ்’ என்று கேட்டால் அந்த இலவச ஃபவுல் இன்னும் கையில் இருக்கிறது என்று பொருள். அது எவ்வளவு பெரிய சொத்து என்பதைச் சமநிலையில் பாருங்கள். எதிரணியிடம் 7 வினாடியும் பந்தும் இருக்கின்றன. அவர்கள் ஆட்டத்தை அமைத்து, 3 வினாடி பாக்கி இருக்கும்போது நகரத் தொடங்குகிறார்கள். தடுப்பவர் சட்டென்று ஒரு தட்டு தட்டுவார். ஃப்ரீ த்ரோ இல்லை. பக்கவாட்டுக் கோட்டிலிருந்து மறுபடி பந்தைப் போட வேண்டும், அதுவும் 3 வினாடியோடு. போட்ட திட்டமெல்லாம் வீண்.

3. ஒவ்வொரு ஃபவுலுக்கும் என்ன விலை

கையிருப்பு தீர்ந்த பிறகு பந்து வைத்திருப்பவரைப் பிடித்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இதுதான் சாதாரண விலை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எறிந்துகொண்டிருப்பவரைத் தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. எறிந்தது விழுந்துவிட்டால் அந்தப் புள்ளியோடு இன்னும் ஒன்று. இவற்றுக்குப் போனஸ் வேண்டியதில்லை, எப்போதும் உண்டு.

விலை எகிறும் இடங்கள் தனி. பந்தே இல்லாத ஆளை, கடைசி இரண்டு நிமிடத்தில் வேண்டுமென்றே போய்ப் பிடித்தால், எதிரணியில் மைதானத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் ஒரு ஃப்ரீ த்ரோ எறியலாம், அதன் பின் பந்தும் அவர்களுக்கே. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைப் போடுபவர் அதைக் கையைவிட்டு விடும் முன்பே உள்ளே ஒருவரைப் பிடித்தாலும் அதே தண்டனை. அவசரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இது. முன்னால் தடுக்க யாருமில்லாமல் கூடையை நோக்கி ஓடுபவரைப் பின்னாலிருந்து இழுத்தால் இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் போகும். தேவையில்லாத முரட்டு அடிக்கும் அதுவே.

வேகத் தாக்குதலைத் தடுக்க வேண்டுமென்றே பிடிப்பதற்கு 2022-23 சீசனிலிருந்து ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் தண்டனை ஆனது. ஆனால் நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும், கூடுதல் நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் அது பொருந்தாது. பின்தங்கியவன் கடிகாரத்தை நிறுத்த ஒரு வழி வேண்டுமே என்று லீக்கே விட்டுவைத்த கதவு அது.

ஒரு எச்சரிக்கை. இதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நம்மூர் மைதானத்தில் முயன்றுபார்க்காதீர்கள். இங்கே பெரும்பாலும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகள். அந்த இரண்டு நிமிட இலவச ஃபவுல் கிடையாது, ஐந்து ஃபவுலில் ஆளே வெளியே (என்.பி.ஏ.வில் ஆறு). பந்தைத் தட்ட முயலாமல் ஆளைக் கட்டிப்பிடித்தால் நடுவர் அதை விளையாட்டுப் பண்புக்கு மாறான ஃபவுல் என்று சொல்லி, இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தையும் கொடுத்துவிடுவார்.

4. பின்தங்கிய அணி எந்த வினாடியில் பிடிக்கும்: 24ஐக் கழித்துப் பாருங்கள்

ஷாட் கிளாக், அதாவது பந்து வைத்திருக்கும் அணி எறிந்துவிட வேண்டிய கெடு, 24 வினாடி. எதிரணியிடம் பந்து இருக்கும்போது மீதி நேரத்திலிருந்து 24ஐக் கழியுங்கள். நிற்பதுதான் உங்கள் அணிக்கு மிஞ்சும் நேரம்.

மூன்று புள்ளிக்குள் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 52 வினாடி பாக்கி என்றால், எதிரி முழு 24ஐ எடுத்துக்கொண்டாலும் 28 மிஞ்சும். ஃபவுல் தேவையே இல்லை, ஒழுங்காகத் தடுத்தால் போதும். 38 என்றால் 14 மிஞ்சும், இன்னும் தாராளம்தான். 29 என்றால் வெறும் 5. அங்கேதான் பயிற்சியாளருக்கு வியர்க்கும்: டைம்-அவுட் கையில் இருந்தால் பெரும்பாலும் தடுத்துப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பிடித்துவிடுவார்கள். 22 என்றால் ஷாட் கிளாக்கே அணைந்துவிடும். எதிரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டத்தை முடித்துவிடலாம். உடனே பிடித்தாக வேண்டும், ஒவ்வொரு வினாடியும் காசு.

இதில் ஒரு பொறி. 38 வினாடியில் பிடிக்காமல் தடுக்கிறீர்கள், எதிரி எறிந்தது வளையத்தில் பட்டுத் தவறுகிறது. ஆனால் ரீபவுண்டை (தவறித் திரும்பி வரும் பந்தை) அவர்களே பிடித்துவிட்டார்கள். ஷாட் கிளாக் மறுபடி 14க்கு வரும். உங்களிடம் இருப்பதே 13, 14 வினாடி! நல்ல அணி அந்த இடத்தில் யோசிக்காமல் பிடிக்கும். சுமாரான அணி இரண்டு மூன்று வினாடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும். நீங்கள் திரைக்கு முன்னால் கத்துவீர்கள்.

நான்கிலிருந்து ஆறு புள்ளி பின்தங்கினால் ஒரே தாக்குதலில் கடக்க முடியாது. அதனால் சீக்கிரம் தொடங்குவார்கள், 40 வினாடி அளவிலேயே. ஒரு சுற்று என்பது இவ்வளவுதான்: பிடிக்க இரண்டு மூன்று வினாடி, எதிரியின் ஃப்ரீ த்ரோவுக்குக் கடிகாரம் ஓடாது, அப்புறம் நீங்கள் ஓடிப்போய் எறிய ஐந்து வினாடி. ஆக எட்டு. 40 வினாடியில் ஐந்து சுற்று வாங்கலாம். கூடை விழுந்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் கடிகாரம் தானாக நிற்கும் என்பதும் கைகொடுக்கும்.

இந்த வியாபாரம் லாபமா என்று கேட்டால், இல்லை. அண்மைச் சீசன்களில் லீக்கின் ஃப்ரீ த்ரோ சராசரி 78 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டு எறிந்தால் சராசரியாக 1.56 புள்ளி. மூன்று புள்ளி எறிதலின் வெற்றி 36 சதவீத அளவு, அதாவது எறிதலுக்கு 1.08. ஒவ்வொரு சுற்றிலும் அரைப் புள்ளி நஷ்டம். தெரிந்தே நஷ்டப்படுகிறார்கள், ஏனென்றால் சும்மா இருந்தால் தோல்வி நிச்சயம். 78 சதவீதம் எறிபவர் இரண்டையும் போட 61 சதவீத வாய்ப்புதான். மீதி 39 சதவீதத்தில் ஒன்றோ இரண்டோ தவறும். அவர் ஒன்றைத் தவறவிட்டு, உங்கள் ஆள் மூன்றைப் போட்டால், ஒரே சுற்றில் இரண்டு புள்ளி குறையும். அப்படி இரண்டு சுற்று அமைந்தால் போதாதா? பேசர்ஸ் ஆட்டத்தில் ஆரன் நெஸ்மித் நான்காம் குவார்ட்டரில் மட்டும் ஆறு மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார். ஆறாவது விழுந்தபோது நான் தலைக்கு ஷாம்பூ போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

5. யாரைப் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள்

முன்னிலையில் இருக்கும் அணி பந்தை உள்ளே போடும்போது ஒரே ஆளுக்காக எல்லாரும் வழி ஒதுக்கித் தருவதைப் பார்க்கலாம். அவர்தான் அந்த அணியின் சிறந்த ஃப்ரீ த்ரோ ஆள். ஸ்டீஃபன் கரிபோல 90 சதவீதத்துக்கு மேல் எறிபவரிடம் பந்து போய்விட்டால் துரத்துபவருக்கு விலை கிட்டத்தட்ட முழு இரண்டு புள்ளி. அதனால் தடுப்பவர்கள் அவரை விட்டுவிட்டு வேறு யாரிடமாவது பந்து போகும்படி நெருக்குவார்கள். அந்த ஐந்து வினாடி இழுபறியில்தான் பல ஆட்டங்கள் முடிவாகின்றன. இங்கே கண்ணை எடுக்காதீர்கள்.

மோசமாக எறிபவரைத் தேடிப்போய்ப் பிடிக்கும் உத்திக்கு ஷகீல் ஓ’நீல் பெயர்தான் நிலைத்துவிட்டது, ‘ஹேக்-எ-ஷாக்’ என்பார்கள். அவருடைய வாழ்நாள் சராசரி 52.7 சதவீதம். கணக்கு எளிது. ஒரு சாதாரணத் தாக்குதலில் அணிகள் 1.1 புள்ளிக்குக் கொஞ்சம் மேலே எடுக்கின்றன. 55 சதவீதம் எறிபவரின் இரண்டு ஃப்ரீ த்ரோவும் 1.1தான். அதற்குக் கீழே எறிபவர் என்றால் பிடிப்பது மலிவு.

ஆனால் மலிவு என்று அள்ளினால் மூட்டை கனக்கும். 2016 ஜனவரியில் ஹூஸ்டன் அணி டெட்ராய்ட்டின் ஆண்ட்ரே டிரம்மண்டைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அவர் 36 எறிந்து 23ஐத் தவறவிட்டார், ஒரே ஆட்டத்தில் அவ்வளவு தவறவிட்டவர் வேறு யாருமில்லை. இருந்தும் டெட்ராய்ட் 123-114 என்று ஜெயித்தது. பிடித்துக்கொண்டே இருந்தால் எதிரணி தன் தடுப்பை நிதானமாக அமைத்துக்கொள்ளவும் நேரம் கிடைத்துவிடுகிறது, பாருங்கள்.

பார்வையாளருக்கு வேண்டியது 2:00 என்ற எல்லைக் கோடு. பந்து இல்லாதவரைப் பிடித்தால் அதற்குப் பின் விலை அதிகம் என்று மேலே சொன்னேன் அல்லவா? எனவே மோசமாக எறியும் உயரமான ஆளை 2:40 அளவில் பெஞ்சில் உட்காரவைத்து, 2:00 கடந்ததும் திரும்ப இறக்குவார்கள். எனக்கு அது முதலில் காயம் என்றே தோன்றியது.

6. மூன்று புள்ளி முன்னிலையில் பிடிக்கலாமா

இந்தக் கேள்விக்குக் கடைசித் தீர்ப்பு என்று ஒன்று இல்லை. இரு பக்கமும் தெரிந்தால்தான் ஆட்டம் சுவைக்கும்.

பிடி என்பவர்களின் வாதம்: மூன்று புள்ளி பின்தங்கியவனுக்குச் சமநிலைக்கு ஒரே வழி மூன்று புள்ளி எறிதல். அவன் எறியும் முன் பிடித்துவிட்டால் கிடைப்பது இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தாலும் ஒரு புள்ளி முன்னிலை உங்களுக்கே. சமநிலை வேண்டுமென்றால் அவன் முதலாவதைப் போட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, ரீபவுண்டைப் பிடித்து, மறுபடி போட வேண்டும். எத்தனை கண்டங்கள்!

வேண்டாம் என்பவர்களின் வாதம்: மூன்று விழுந்தாலும் வருவது சமநிலைதான். 36 சதவீதம் என்றே வைத்தாலும், கூடுதல் நேரம் பாதிக்குப் பாதி என்பதால் தோல்வி ஆபத்து 18 சதவீதம். கடைசி நேர நெருக்கடியில் எறிவது என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. எதற்காக எதிரிக்குக் கடிகாரத்தை நிறுத்திக் கொடுக்க வேண்டும்?

2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் சான் அன்டோனியோ பிடிக்கவில்லை. 19.4 வினாடி பாக்கியில் கவாய் லெனார்ட் இரண்டில் ஒன்றைப் போட்டு 95-92 ஆக்கினார். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த மூன்று தவறியது. கிறிஸ் போஷ் ரீபவுண்டைப் பிடித்து மூலைக்குத் தள்ள, ரே ஆலன் 5.2 வினாடி பாக்கியில் போட்டார். மயாமி கூடுதல் நேரத்தில் 103-100 என்று ஜெயித்தது.

மறுபக்கம், முதலில் சொன்ன பேசர்ஸ் ஆட்டத்தில் நிக்ஸ் பிடித்துக் கெட்டது. மூன்று புள்ளி முன்னிலையில் நெஸ்மித்தைப் பிடித்தார்கள், அவர் இரண்டையும் போட்டார். அடுத்து ஓஜி அனுனோபி 7.1 வினாடி பாக்கியில் இரண்டில் ஒன்றைத் தவறவிட்டார். வித்தியாசம் இரண்டு. இப்போது பேசர்ஸுக்கு மூன்று தேவையில்லை, இரண்டே போதும். டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வானத்துக்கு எம்பி உள்ளே விழுந்தபோது அவர் கால் கோட்டின் மேல் இருந்தது. இரண்டு புள்ளிதான், ஆனால் சமநிலைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

2022 டிசம்பரில் இதே நிக்ஸ், டல்லாஸுக்கு எதிராக 4.2 வினாடி பாக்கியில் மூன்று புள்ளி முன்னிலையில் லூகா டான்சிச்சை ஃப்ரீ த்ரோவுக்கு அனுப்பியது. அவர் முதலாவதைப் போட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, தள்ளுமுள்ளில் தன் கைக்கே வந்த பந்தைப் போட்டு 115-115 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் டல்லாஸ் 126-121. அத்தனை கண்டங்களையும் ஒரே ஆள் தாண்டினார். நிக்ஸ் ரசிகர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

என் நோட்டைப் புரட்டிய பிறகு என் கட்சி இது: ஆறு வினாடிக்குக் கீழே என்றால் பிடிக்கலாம், பத்துக்கு மேல் என்றால் வேண்டாம். பத்துக்கு மேல் பிடித்தால் எதிரி உங்களைத் திருப்பிப் பிடிக்க நேரம் இருக்கும். ஆட்டம் உங்கள் ஃப்ரீ த்ரோ ஆளின் நரம்பைச் சோதிக்கும் போட்டியாகிவிடும். 1995 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஆர்லாண்டோவின் நிக் ஆண்டர்சன், மூன்று புள்ளி முன்னிலையில் நான்கு ஃப்ரீ த்ரோவை வரிசையாகத் தவறவிட்டார். ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் மூன்றைப் போட்டுச் சமன் செய்ய, ஆர்லாண்டோ தோற்றது.

எப்படிப் பிடிப்பது என்பதும் முக்கியம். எதிராளி கூடைக்கு முதுகு காட்டி நிற்கும்போது, அல்லது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கும்போது பிடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அவன் கை வருவதைப் பார்த்துவிட்டு எறியும் பாவனைக்குப் போய்விடுவான். மூன்று ஃப்ரீ த்ரோ! இருந்த முன்னிலையைத் தட்டில் வைத்து நீட்டியது போல ஆகிவிடும்.

7. வேண்டுமென்றே தவறவிடும் ஃப்ரீ த்ரோ

இரண்டாவது ஃப்ரீ த்ரோ, அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறது, நான்கைந்து வினாடிதான் பாக்கி. இந்த மூன்றும் சேர்ந்தால் தயாராகுங்கள். பந்தைத் தட்டையாக, வேகமாக வளையத்தில் அடிப்பார்கள்.

பந்து வளையத்தில் கட்டாயம் பட வேண்டும். படாவிட்டால் விதிமீறல், பந்து எதிரணிக்கு. அது படும் வரை எறிபவர் கோட்டைத் தாண்டக் கூடாது. தடுக்கும் அணிக்கு ஓரக் கோடுகளில் மூன்று பேர், எறியும் அணிக்கு இரண்டு பேர். கூடையை ஒட்டிய இரண்டு இடங்களும் தடுப்பவருக்கே. அதனால் இந்த உத்தி பத்துக்கு ஒன்பது தடவை வீண். ஆனாலும் வேறு வழியில்லாதபோது செய்யத்தான் வேண்டும்.

முன்னிலையில் இருப்பவரும் சில சமயம் தவறவிடுவார், முதல் தடவை பார்த்தால் பைத்தியக்காரத்தனம்போலத் தெரியும். ஒரு வினாடிக்கும் குறைவாகப் பாக்கி, எதிரணியிடம் டைம்-அவுட் இல்லை என்று வையுங்கள். ஃப்ரீ த்ரோ விழுந்தால் கடிகாரம் நின்ற நிலையில் எதிரி நிதானமாகப் பந்தை உள்ளே போடலாம். தவறினால், ரீபவுண்டைத் தொட்ட கணமே கடிகாரம் ஓடத் தொடங்கும். முழு மைதான நீளத்துக்கு எறிவதைத் தவிர வேறெதற்கும் நேரம் இராது.

8. டைம்-அவுட்

இது சுருக்கம்தான். ஆட்டத்துக்கு ஏழு, ஆனால் கடைசி மூன்று நிமிடத்துக்கு அதிகபட்சம் இரண்டையே கொண்டுவர முடியும். கடைசி இரண்டு நிமிடத்தில் எதிரி கூடை போட்டதும் டைம்-அவுட் கேட்டால், பந்தை முழு மைதானமும் ஓட்டி வராமல் எதிரியின் பாதியிலிருந்தே உள்ளே போடலாம். நான்கைந்து வினாடி மிச்சம். எனவே டைம்-அவுட் தீர்ந்த அணி பின்தங்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கத் தொடங்கும் என்று எதிர்பாருங்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிடவும் டைம்-அவுட் ஒன்று கையில் வேண்டும். முறையீடு தோற்றால் அது போய்விடும்.

மீதி நேரம் 0.3 வினாடிக்குக் கீழே என்றால் பந்தைப் பிடித்து எறிய அனுமதி இல்லை, தட்டித்தான் விட வேண்டும். இதையும் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

9. படிக்க வேண்டிய காகிதங்களும், ஒதுக்க வேண்டிய நேரமும்

இறுக்கமான ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் நம் கடிகாரத்தில் கால் மணி நேரத்தைச் சுலபமாக விழுங்கும். ஒரு டைம்-அவுட்டே 75 வினாடி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை 6 மணி, கோடையில் 5 மணி. எட்டரைக்குப் பஸ் பிடிப்பவர் இதை மனதில் வைத்துக் கிளம்பும் வேலைகளை முன்பே முடித்துவிடுவது நல்லது.

பார்க்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது லீக்கின் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் வரிவரியான ஆட்டப் பதிவு. எந்த வினாடியில் யார் ஃபவுல், எத்தனையாவது, யார் எறிந்தது எல்லாம் அதில் இருக்கும். புள்ளிவிவர அட்டையில் ஒவ்வொருவரின் ஃப்ரீ த்ரோவும் இருக்கும். 2:00க்கு முன்பே ஐந்து பேரின் எண்ணைப் பார்த்துவையுங்கள். விதிப் புத்தகமும் இலவசம். முழுவதும் படிக்க வேண்டாம். நேரத்துக்கு ஐந்தாம் விதி, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்பதாம் விதி, ஃபவுலுக்குப் பன்னிரண்டாம் விதி, அவ்வளவுதான்.

மிகவும் பயன்பட்ட காகிதம் ‘கடைசி இரண்டு நிமிட அறிக்கை’. 2015 முதல் வெளியிடுகிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் மூன்று புள்ளிக்குள் வந்த ஆட்டங்களுக்கு, நடுவர் ஊதியதும் ஊதாமல் விட்டதும் சரியா தவறா என்று வரிவரியாக எழுதி, பக்கத்தில் வீடியோ இணைப்பும் கொடுப்பார்கள். தவறு என்று ஒப்புக்கொண்டாலும் ஆட்ட முடிவு மாறாது, அதனால் கோபத்தோடு திறக்காதீர்கள். அங்கே அது மறுநாள் மாலை வரும். நமக்கு அது நள்ளிரவு தாண்டிவிடும். அடுத்த நாள் காலைக் காபிக்கு எடுத்துவைத்து, நீங்கள் எழுதிய துண்டுச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.